பக்கவாத்தியம் சொன்ன சாட்சி

என் தாயாருக்கு வயது 76 ஆகிறது. கண்ணில் புரை விழுந்து, சிகிச்சை செய்தும் பார்வை முழுவதும் திரும்பவில்லை. ஆகையால் இரவு வேளைகளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் டெலிவிஷன் நடக்கும்போது அவர் அதன் எதிரில் வந்து அமர்வதில்லை. ரேழியில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தபடியே காதை மட்டும் கூடத்துக்கு அனுப்பி வைப்பார். நானும் என் மனைவியும் பெண்ணும் கண்ணைக் கொட்டாமல் பார்த்துக் கொண்டிருப்போம்.

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு துப்பறியும் நாடகம் வருகிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு கொலை, ஐந்தாறு பேர் மீது சந்தேகம், முடிவில் ஒருவர் கையில் விலங்கு. இந்தக் கணக்கு மட்டும் வாரா வாரம் மாறுவதே கிடையாது. பரீட்சைப் பேப்பர்களில் எந்தப் பையன் எந்தப் பையனைப் பார்த்து எழுதினான் என்று இருபது வருஷமாகத் துப்பறிந்து பழகியவன் நான். ஆகவே குற்றவாளி யார் என்று சொல்லும் உரிமை எனக்கே உண்டென்பது என் எண்ணம். “தோட்டக்காரன்” என்பேன். இறந்தவரின் தம்பி என்பாள் என் மனைவி. என் பெண்ணோ, “அப்பா சொல்லாத யாராவது ஒருவர்” என்று பொதுவாகச் சொல்லி வைப்பாள். அப்போது ரேழியிலிருந்து ஒரு குரல் வரும்: “அந்த டாக்டர்தாண்டா!”

விளம்பரங்களெல்லாம் ஓய்ந்து கதை முடியும்போது பார்த்தால், விலங்கு டாக்டரின் கையில்தான் விழுந்திருக்கும்.

இது ஒரு வாரம் நடந்தது, இரண்டு வாரம் நடந்தது. மூன்றாவது வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. “உனக்கு எப்படி அம்மா தெரிகிறது?” என்று கேட்டேன். “உங்களுக்குக் கண் இருக்கிறது, காது இல்லை” என்றார் தாயார். “அந்த டாக்டர் எப்போது வாயைத் திறந்தாலும் அடியிலே ஒரு தம்பூரா உறுமுகிறதே, அது உங்களுக்குக் கேட்கவில்லையா? மற்றவர்கள் பேசும்போது அது இல்லை. அந்தத் தோட்டக்காரன் வந்தபோது என்னவோ டிடிங், டிடிங் என்று தந்தியைக் கிள்ளினார்கள். அவன் சும்மா வேடிக்கைக்கு வந்தவன்.”

நேயர்களே, இந்த வாரம் இப்பகுதிக்கு விஷயமாக நான் எடுத்துக் கொண்டிருப்பது அந்த உறுமுகிற தம்பூராவைத்தான்.

முதலில் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். நம்முடைய கச்சேரியில் தம்பூராவின் சுருதி என்பது அபயம். பாடகர் எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வந்து சேருவதற்கு ஒரு வீடு இருக்கிறது என்று அது இடைவிடாமல் சொல்லிக் கொண்டிருக்கிறது. அதே நீண்ட ஒலி கொலைக் கதையில் அச்சத்துக்கு அறிகுறியாகிவிட்டதே, எப்படி? சிறிது யோசித்தால் காரணம் விளங்கும். தம்பூராவில் ஸட்ஜத்துக்குத் துணையாகப் பஞ்சமம் இருக்கிறது. கொலைக் கதையில் அந்தத் துணையை எடுத்துவிடுகிறார்கள். அடித்தளத்தில் ஒரே ஒரு ஸ்வரத்தைத் தனியாக நிறுத்தி வைக்கிறார்கள். பிறகு அதன் தலைக்கு மேல் மிக உயரத்தில், ஸட்ஜத்தோடு சுத்த ரிஷபம் உராய்வதைப் போலவோ, பிரதி மத்யமம் மோதுவதைப் போலவோ இன்னொரு ஸ்வரத்தை மெல்ல நீட்டுகிறார்கள். ஸட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் இடையே உள்ள தூரம் ஆறு அரைஸ்வரங்கள். ஸ்தாயியைச் சரிபாதியாக வெட்டும் தூரம் அது. ஐரோப்பாவில் பழைய சங்கீத நூல்காரர்கள் அதற்குச் ‘சங்கீதத்தில் சைத்தான்’ என்றே பட்டம் கட்டியிருந்தார்கள். கல்யாணியையும் பூர்விகல்யாணியையும் கேட்டு வளர்ந்த நமக்கு இது அநியாயமாகப் படும். ஸ்வரத்தின்மீது குற்றமில்லை. இரண்டையும் ஒரே சமயத்தில் ஒலிக்கச் செய்து, போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அதைப் போகவிடாமல் வாசலிலேயே நிறுத்தி வைப்பதில்தான் சூழ்ச்சி இருக்கிறது. நிஷாதம் வரையில் பாடிவிட்டு மேல் ஸட்ஜத்தைத் தொடாமல் ஒரு வித்வான் எழுந்து போய்விட்டால் சபை என்ன பாடுபடும்! அந்தப் பாட்டைத்தான் ஒரு மணி நேரத்துக்கு நம்மைப் படச் செய்கிறார்கள்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் இப்போது சென்னையில் இந்தத் தொழிலைச் செய்து வருகிறான். விடுமுறையில் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். சாலிக்கிராமத்தில் ஒரு வீட்டு மாடியில் ஓர் அறை. வித்வான்களும் வாத்தியங்களும் நிறைந்திருக்கும் என்று எண்ணிப் போன எனக்குப் பெரிய ஏமாற்றம். ஹார்மோனியப் பெட்டியின் கட்டைகளைப்போல ஒரு வரிசைக் கட்டை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஒலிபெருக்கிகள், சுவரெல்லாம் பஞ்சு மெத்தை, அவ்வளவுதான். நாற்பது பிடில்காரர்கள் அந்தப் பெட்டிக்குள் குடியிருக்கிறார்களாம். சம்பளமும் இல்லை, காப்பியும் வேண்டாம்.

“ஸார், ஒரு வேடிக்கை காட்டுகிறேன்” என்று சொல்லி, படம் ஒன்றை ஓட்டினான். பேச்சில்லாத காட்சி. ஒரு மனிதன் இருட்டறைக்குள் வருகிறான். அலமாரியைத் திறக்கிறான். உள்ளே கையை விட்டுத் துழாவுகிறான். ஒரு கணம் நின்று வாசற்பக்கம் திரும்பிப் பார்க்கிறான். இவ்வளவே.

முதல் தடவை அந்த அடித்தள உறுமலை வைத்துக் காட்டினான். சந்தேகமேயில்லை, திருடன், ஒருகால் அலமாரியில் கத்தி இருக்கும். இரண்டாம் தடவை பிடில் தந்திகளை விரலால் கிள்ளி வாசிக்கும் ஓசையை வைத்தான். அதே மனிதன், அதே அலமாரி. ஆனால் இப்போது அவன் டாக்டர் கூடாதென்று தடுத்த லட்டை மனைவிக்குத் தெரியாமல் எடுக்க வந்த கணவனாகிவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாம் தடவை ஒற்றைப் புல்லாங்குழல். அவன் திரும்பிப் பார்த்தானே, அந்தப் பார்வையில் இப்போது எத்தனை துக்கம்! இறந்துபோன மனைவியின் புடவையைத் தேடுகிறான் என்று எனக்கே தோன்றிற்று, யாரும் சொல்லவில்லை.

நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். “படத்தில் ஒரு இம்மிகூட மாறவில்லை, ஸார்” என்றான் பையன்.

அவன் சொன்ன தொழில் நுட்பங்களில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன். படம் வெட்டி ஒட்டி முடிந்தபின் டைரக்டரும் சங்கீதக்காரரும் ஒன்றாக உட்கார்ந்து, சங்கீதம் எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று குறித்துக் கொள்வார்கள். தொடங்குவது எளிது, நிறுத்துவதுதான் கடினம் என்கிறான். கதவு திறப்பதற்கு முன்பே ஒலி நின்றுவிட வேண்டும். அந்த நிசப்தத்தில்தான் பார்ப்பவர்களுக்கு மூச்சு நிற்கும். இரண்டாவது, பாத்திரங்கள் பேசும் இடத்தில் சங்கீதம் மனிதக் குரலின் ஸ்தாயியில் நுழையக்கூடாது. நுழைந்தால் பேச்சு காதில் விழாது. “தரையும் கூரையும்தான் எங்களுக்கு ஸார், நடுக்கூடம் நடிகர்களுக்கு” என்றான். அடியில் உறுமலும் உச்சியில் கீச்சென்ற பிடிலுமாக இந்தச் சங்கீதம் அமைந்ததற்கு, பயமுறுத்தும் நோக்கத்தோடுகூட இந்தச் சங்கடமும் ஒரு காரணமாம். பல ரகசியங்களுக்குக் காரணம் இட நெருக்கடிதான் போலும்!

மூன்றாவது விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. திகிலுக்கு வேண்டிய சங்கீதம் வேறு, துப்பறிவதற்கு வேண்டியது வேறு. திகில் அசையாமல் நிற்கும். துப்பறியும் சங்கீதமோ நடந்துகொண்டே இருக்க வேண்டும். துப்பறிவோர் ஒரு காகிதத்தைப் பார்த்துக் கொண்டிருப்பதையோ, ரசீதுகளைப் புரட்டுவதையோ யார் எத்தனை நேரம் பார்க்க முடியும்? உள்ளே மூளை வேலை செய்கிறது என்பதற்கு வெளியில் அடையாளம் இல்லை. ஆகவே நாலைந்து ஸ்வரங்களைக் கொண்ட ஒரு சிறு சுற்றை எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிடுகிறார்கள். அது முன்னேறுவதுபோல இருக்கும்; எங்கும் போய்ச் சேராது. அந்த மனிதர் யோசிக்கிறார் என்று நாம் எண்ணிக் கொள்கிறோம். (என் வகுப்பில் கணக்குப் போடுவதுபோல் பாசாங்கு செய்யும் பையன்களுக்கு இப்படி ஒரு பக்கவாத்தியம் இல்லாதது அவர்களுடைய துரதிர்ஷ்டம்.)

இந்தச் சுழலுக்கு முன்மாதிரி 1958-ல் அமெரிக்காவில் பிறந்தது. ‘பீட்டர் கன்’ என்ற தனித் துப்பறிவாளரின் கதைக்கு ஹென்றி மான்ஸினி என்பவர் சங்கீதம் அமைத்தார். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வேண்டாமென்று ஜாஸ் கோஷ்டியை வைத்துக்கொண்டார். பியானோவும் கிதாரும் சேர்ந்து ஒரே அடிவரியைத் தொடக்கமுதல் முடிவுவரை விடாமல் வாசிக்கின்றன; அதன்மேல் பித்தளை வாத்தியங்கள் அலறுகின்றன. இருட்டுத் தெருவில் ஒருவன் நம்மைப் பின்தொடர்வதுபோல் இருக்கும். அந்த இசைத்தட்டு, கிராமி பரிசு முதன்முதலாக வழங்கப்பட்ட 1959-ல் ஆண்டின் சிறந்த தட்டு என்ற பரிசைப் பெற்றது. அதில் பியானோ வாசித்த இளைஞர் ஜான் வில்லியம்ஸ். பிற்காலத்தில் சினிமா சங்கீதத்தில் உலகப் பிரசித்தி பெற்றவர்.

அதற்கும் முந்தியது ‘டிராக்நெட்’ என்ற போலீஸ் நாடகம். 1949-ல் ரேடியோவில் தொடங்கி 1951-ல் டெலிவிஷனுக்கு வந்தது. வால்டர் ஷூமன் என்பவர் அமைத்த நாலே ஸ்வரங்கள்: ஸட்ஜம், சதுச்ருதி ரிஷபம், ஸாதாரண காந்தாரம், மறுபடியும் ஸட்ஜம். நிறுத்தி அழுத்தி வாசித்தால் நீதிபதி மேஜையில் சுத்தியால் அடிப்பது போலிருக்கும். இதில் ஒரு விநோதம் உண்டு. அந்த நாலு ஸ்வரங்களும் 1946-ல் வெளியான ‘கொலைகாரர்கள்’ என்ற படத்துக்கு மிக்லோஷ் ரோஷா எழுதிய சங்கீதத்தில் ஏற்கெனவே இருக்கின்றன என்று வழக்கு எழுந்தது. முடிவில் இருவர் பெயரையும் சேர்த்துப் போடுவதென்று சமாதானம் ஆயிற்று. திருடர்களைப் பிடிக்கும் நாடகத்தின் சங்கீதத்தின்மீதே திருட்டுக் குற்றம்! துப்புத் துலக்கியவர் யாரோ, நல்ல காது உடையவர்.

நம் நாட்டில் 1993-ல் தூர்தர்சனில் ‘வியோம்கேஷ் பக்ஷி’ வந்தபோது சங்கீதம் அமைத்தவர் ஆனந்த சங்கர், நடன மேதை உதய சங்கரின் புதல்வர். தமிழில் இந்தக் கலையைப் பற்றிப் பேசினால் 1954-ல் வந்த ‘அந்த நாள்’ படத்தை விட்டுவிட முடியாது. டைரக்டர் வீணை எஸ். பாலசந்தர். சங்கீதமே மூச்சாக உள்ள ஒரு வித்வான் தம் படத்தில் ஒரு பாட்டுகூட வேண்டாமென்று வைத்தாரே, அந்தத் துணிவை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பாக இருக்கிறது. எப்போது வாசிக்கக்கூடாது என்பதை வாசிக்கத் தெரிந்தவர்தான் அறிவார் போலும். இதற்கு மாறான கதை ஒன்றும் உண்டு. ஹிட்ச்காக் தம் டெலிவிஷன் கோஷ்டியைக் கொண்டு எடுத்த ‘சைக்கோ’ படத்தில் குளியலறைக் கொலைக்குச் சங்கீதமே கூடாதென்றார். பெர்னார்ட் ஹெர்மன் கேட்கவில்லை. தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து எழுதிப் போட்டுக் காட்டினார். ஹிட்ச்காக் தம் கட்சியை விட்டுக் கொடுத்தார். 1960 முதல் இன்றுவரை அந்தப் பிடில்களின் கூச்சல் ஓயவில்லை. அதைப் பின்பற்றாத கொலைக் காட்சி அருமை.

ஆனால் என் மனத்தைக் கவர்ந்தவர் இவர்களில் ஒருவரும் அல்லர். ஆஸ்திரேலியாவில் பிறந்து லண்டனில் சங்கீதம் பயின்ற பாரிங்டன் ஃபெலுங் என்பவர்தான். 1987 முதல் 2000 வரையில் இங்கிலாந்தில் ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ என்ற நாடகம் நடந்தது. ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை ஊரில் நடக்கும் கொலைகள். சங்கீதப் பித்தும் குறுக்கெழுத்துப் புதிர்ப் பித்தும் பிடித்த ஒரு போலீஸ் அதிகாரி. அவர் பெயரைப் பார்த்ததும் ஃபெலுங்குக்குத் தந்தி ஆபீஸ் நினைவு வந்தது. தந்திக் குறியீட்டில் எம் என்பது இரண்டு நெடில், ஓ மூன்று நெடில், ஆர் குறில்-நெடில்-குறில், எஸ் மூன்று குறில், இ ஒரே குறில். இந்தத் தாளத்தையே எடுத்து நாடகத்தின் முகப்புச் சங்கீதத்துக்கு அஸ்திவாரமாகப் போட்டுவிட்டார். கேட்பவர்கள் ஏதோ தந்தி அடிக்கிறது என்று நினைத்துக் கொள்வார்கள். உண்மையில் அது துப்பறிவோரின் பெயரைச் சொல்லிக் கொண்டிருக்கிறது.

அதோடு அவர் நிற்கவில்லை. சில வாரங்களில் குற்றவாளியின் பெயரையே தந்தி பாஷையில் பின்னணிச் சங்கீதத்துக்குள் ஒளித்து வைத்தார். நாடு முழுவதும் கண் விழித்து யோசித்துக் கொண்டிருக்க, விடை அவர்களுடைய காதிலேயே விழுந்து கொண்டிருந்தது. அப்படியானால் தந்தி குமாஸ்தாக்கள் மட்டும் சுகமாகத் தூங்கியிருக்கலாமே என்பீர்கள். அதற்கும் வழியில்லை. சில வாரங்களில் வேண்டுமென்றே நிரபராதியின் பெயரைப் போட்டு அவர்களையும் ஏமாற்றினாராம்!

இதை நான் ரசித்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் தாயார் கண்டுபிடித்துவிட்ட அந்த டாக்டரின் தம்பூரா, கேட்பவர் அறியாமலே அவர் மனத்தைத் திருப்பிவிடுவது. ஃபெலுங்கின் தந்தியோ அறிந்தவருக்கு ஒரு விளையாட்டு, அறியாதவருக்கு வெறும் தாளம். இரு சாராரின் தீர்ப்பும் அவரவர் கையிலேயே இருக்கிறது. (இடையில் ஒன்று. 1966-ல் வந்த ‘மிஷன் இம்பாஸிபிள்’ என்ற ஒற்றர் கதைக்கு லாலோ ஷிஃப்ரின் ஐந்து அட்சரத்தில் தாளம் போட்டார். கண்ட நடை பழகிய நமக்கு ஐந்து ஒன்றும் புதிதல்ல. மேல் நாட்டார் இன்றும் விரல் விட்டு எண்ணுகிறார்கள். அதை மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு என்று பிரித்தால் இரண்டு நெடிலும் இரண்டு குறிலும் ஆகின்றன. தந்தி பாஷையில் அது எம், ஐ. நாடகத்தின் பெயரிலுள்ள முதலெழுத்துக்கள் இரண்டும்.)

ஒவ்வொரு காட்சிக்கும் புதிதாகச் சங்கீதம் எழுதுவது செலவான காரியம். ஆகவே ரசத்துக்கு ரசம் பிரித்து முன்கூட்டியே செய்து வைத்த சங்கீதம் விலைக்குக் கிடைக்கிறது. இதுவும் பழைய வழக்கமே. ஊமைப் படக் காலத்தில், 1924-ல், எர்னோ ராப்பே என்பவர் பியானோக்காரர்களுக்காக ஒரு பெரிய புஸ்தகம் அச்சிட்டார். சண்டை, துரத்தல், பறவைகள், குழந்தைகள், விவாகம், தீய நோக்கம் என்று 52 வகைகள். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் அகராதிபோல வரிசை போட்டு, படம் ஓடும்போதே சட்டென்று புரட்டிக் கொள்ள வசதி செய்திருந்தார். இன்று அந்தப் புஸ்தகம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. என் மாணாக்கன் தானும் இவ்விதம் முப்பது உருப்படி செய்து ஒரு கம்பெனிக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னான். “அவை எங்கே போகின்றன?” என்று கேட்டேன். “தெரியாது, ஸார். யார் வேண்டுமானாலும் பணம் கட்டி எடுத்துக் கொள்வார்கள்” என்றான்.

நான் இதைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அதை இனிமேல்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பையன். அவனும் என்னிடம் படித்தவன்தான். தாயாருக்குப் பார்வை மங்கிய நாள் முதலாக, மாலை வேளைகளில் வந்து ரேழித் திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக் காட்டுவான். தலையங்கம் முதல் வரி விளம்பரம் வரையில் ஒன்றும் விடமாட்டான். பிறகு கடைத்தெருவில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தான். சென்ற வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு நாள் இரவு அந்தக் கடையின் பணப்பெட்டியை யாரோ உடைத்தார்கள். காவற்காரக் கிழவர் மண்டையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடைச் சிப்பந்திகள் நாலு பேரைப் போலீசார் விசாரணைக்கு அழைத்துச் சென்றார்கள். விசாரிக்க வேண்டியது அவர்கள் கடமை. அதில் நான் குறை சொல்லவில்லை.

அன்று இரவு செய்தி டெலிவிஷன் ஒன்றில் அவனுடைய போட்டோவைக் காட்டினார்கள். ஏதோ கல்யாணத்தில் எடுத்தது; சந்தனப் பொட்டும் சிரிப்புமாக இருந்தான். பெயர் சொல்லவில்லை. “கடைக் கணக்கர் ஒருவரிடம் தீவிர விசாரணை” என்று மட்டும் சொன்னார்கள். போட்டோவை மெல்ல மெல்லக் கிட்டே கொண்டுவந்தார்கள். அடியில் அந்த உறுமல் தொடங்கிற்று. உச்சியில் பிடில் எழுந்தது. முகத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம் விழுந்தபோது தடாலென்று ஓர் ஓசை. ‘லா அண்ட் ஆர்டர்’ என்ற நாடகத்துக்காக மைக் போஸ்ட் 1990-ல் செய்த இரட்டை அடியின் சாயல் அது. சிறைக் கதவு அடைபடும் சத்தத்தையும் சேர்த்துக் கலந்து செய்த ஒலி என்பார்கள். காட்சிக்குக் காட்சி இடத்தையும் தேதியையும் காட்டுவதற்கென்று செய்தது, இங்கே ஒரு பையனின் முகத்தின்மீது வந்து விழுந்தது.

ரேழியிலிருந்து குரல் வந்தது: “இவன்தாண்டா! படுபாவி, ஒரு கிழவரை அடிக்க எப்படித்தான் மனம் வந்ததோ!”

தாயாருக்குப் படம் தெரியாது. பெயரும் காதில் விழவில்லை. வந்தது சங்கீதம் ஒன்றுதான். அதைக் கேட்டு அவர் ஒரு நாளும் தவறாகச் சொன்னதில்லை.

எனக்குக் கண் இருந்தது. பையனையும் எட்டு வயதிலிருந்து தெரியும். ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒலி ஓடிக் கொண்டிருந்த நேரத்தில், ஒரு சமயம் என்னிடம் ஐந்நூறு ரூபாய் கைமாற்று வாங்கி இரண்டு மாதம் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தானே என்பது என் நினைவுக்கு வந்தது. ஏழாம் வகுப்பில் ஒரு பொய் சொன்னது நினைவுக்கு வந்தது. அத்தனை வருஷமாக நான் மறந்து கிடந்த சங்கதிகள் அவை. என் மனைவி எழுந்து பெட்டியை நிறுத்தினாள். அதன் பிறகு அவை ஏன் நினைவுக்கு வந்தன என்று எனக்கே விளங்கவில்லை. “யாரடா அவன், நம் ஊர்க்காரனா?” என்று தாயார் கேட்டார். “யாரோ” என்றேன்.

மூன்றாம் நாள் பையனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வார முடிவில் பக்கத்து ஜில்லாவில் உண்மைத் திருடர்கள் இருவர் பணத்தோடு அகப்பட்டார்கள். இந்தச் செய்தி அதே டெலிவிஷனில் திரையின் அடிப்பாகத்தில் ஒரு வரியாக ஊர்ந்து போயிற்று. அதற்குப் பக்கவாத்தியம் ஒன்றும் கிடையாது. கடைக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் அதற்குள் வேறு கணக்கரை வைத்துவிட்டார். பெண் கொடுப்பதாக இருந்தவர்கள் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. பையன் திருப்பூருக்குப் போய் அங்கே ஒரு பனியன் கம்பெனியில் வேலை தேடிக் கொண்டான்.

சென்னை மாடியறையில் என் மாணாக்கனிடம் இந்த விவரங்களைச் சொன்னேன். அந்த நிகழ்ச்சி கம்ப்யூட்டரிலேயே தேடினால் கிடைத்தது, போட்டுக் கேட்டான். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இது நான் செய்ததல்ல, ஸார்” என்றான். இன்னும் சிறிது நேரம் கழித்து, “ஆனால் நான் செய்ததும் இப்படித்தான் இருக்கும்” என்றான்.

பொங்கலுக்குப் பையன் ஊருக்கு வந்திருந்தான். தாயாருக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வந்தான். ரேழியில் உட்கார்ந்து அன்றையப் பத்திரிகையை வழக்கம்போலப் படித்துக் காட்டினான். அன்று வெள்ளிக்கிழமை. எட்டு மணிக்கு என் பெண் நாடகத்தைப் போட்டாள். ஆரம்பத்தில் பேச்சே இல்லாத ஒரு காட்சி; இருண்ட பங்களா, நீண்ட தாழ்வாரம். அந்த உறுமல் எழுந்ததும் பையன் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் கூடத்துக்குள் வந்தான். என் பெண்ணின் கையிலிருந்த ரிமோட்டை வாங்கிச் சத்தத்தை நிறுத்தினான்.

“ஏண்டா நிறுத்தினாய்? யார் செய்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் தாயார்.

“நான் சொல்லிக் கொண்டே வருகிறேன், பாட்டி” என்று அவன் வாசற்படியில் போய் உட்கார்ந்தான். ஒரு கண் கூடத்திலும் ஒரு காது ரேழியிலுமாக. “ஒருவர் மாடிப்படி ஏறுகிறார்.”

“எப்படிப்பட்டவன்?”

“முகம் தெரியவில்லை, பாட்டி. கையில் விளக்கு வைத்திருக்கிறார்.”